சுவர் நகராத சனிக்கிழமை

திபிலீசியின் வடக்கு ஓரம்.
ஒன்பது மாடிக் குடியிருப்புகள் பதினேழுக்கு நடுவே
இழுத்த இழுப்பில் நின்றுபோன அறைகளோடு
ஒரு கட்டடம்.
நகராட்சி வைத்த நீளமான பெயர் பலகையில் மட்டும்.
பேட்டை முழுக்க அதற்கு அலமாரி என்றே பேர்.

அடித்தளத்தில் நீச்சல் குளம்.
குளம் கழித்த வெந்நீரில் சலவை இயந்திரங்கள்.
சலவையின் சூட்டில்
பனிக்காலம் முழுக்க நூலகத்தின் ஒரு சுவர் மட்டும்
கதகதவென்றிருக்கும்.
அதில் முதுகைச் சாய்த்துத்தான் எல்லோரும் படிப்பார்கள்.
எதிர்ச்சுவர்ப் புத்தகங்களை யாரும் தொடுவதில்லை.

பிறப்பு இறப்புப் பதிவு இரண்டாம் தளத்தில்,
பல் மருத்துவருக்கு அடுத்த கதவு.
வீங்கிய கன்னத்தோடு வரிசை மாறி நின்றவர்கள்
'பிள்ளைக்கு என்ன பெயர்?' என்ற கேள்விக்கு
வாயைத் திறந்து காட்டியிருக்கிறார்கள்.

நான் பதிவேட்டுக்காரி.
பெரிய கூடம் யாருக்கு, எத்தனை மணிக்கு,
எத்தனை நாற்காலி.
பென்சிலால்தான் எழுதுவேன்.
இந்தப் பேட்டையை நம்பி மையைத் தொட முடியாது.
கூடத்தின் நடுவே தண்டவாளத்தில் ஓடும்
மடிப்புச் சுவர் ஒன்று:
மூடினால் இரண்டு வீடு,
திறந்தால் ஒரு தேர்தல்.

அந்தச் சனிக்கிழமை
கிழக்குப் பாதியில் ஜெமாலின் துக்க விருந்து.
முப்பத்தோரு வருடம் மெட்ரோ ஓட்டியவர்.
மேற்குப் பாதியில் மக்வாலாவின் ஜூடோ வகுப்பு,
பதினான்கு சிறுமிகள்.
சுவர் வந்தது, வந்தது,
நான்கு அடி பாக்கி இருக்கும்போது
சண்டிமாடு போல நின்றுவிட்டது.

நுக்ஸார் எண்ணெய் விட்டார்.
சுத்தியலால் தட்டினார்.
தண்டவாளத்தைத் திட்டினார், தண்டவாளத்தை வரைந்தவனைத் திட்டினார்,
துக்க வீடு என்று நினைவு வந்து
பாதிக் கெட்ட வார்த்தையை விழுங்கினார்.

மக்வாலா விரலை உதட்டில் வைத்தாள்.
கத்தாமல் வீழ்த்துங்கள். கத்தாமல் விழுங்கள்.
சிறுமிகள் கேட்டுக்கொண்டார்கள்.
விரிப்பு கேட்கவில்லை.

இந்தப் பக்கம் ஆட்டிறைச்சிச் சோறு, சிவப்புக் காராமணி.
எழுந்து நின்ற ஆண்கள்
கோப்பைகளை மோதாமல் உயர்த்தி
ஜெமாலின் பெயர் சொன்னபோது
அந்தப் பக்கம்
தொப்.
அவருடைய பெற்றோரைச் சொன்னபோது
தொப்.
யாரோ ஒரு மைத்துனர் என் பக்கம் திரும்பினார்.
நான் பதிவேட்டில் எதையோ தேடினேன்.

லாமாரா மேசையை விட்டு எழுந்தார்.
கறுப்புச் சால்வையோடு
அந்த நான்கு அடியில் போய் நின்றார்.

மக்வாலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.
மன்னித்துவிடுங்கள், வகுப்பை முடித்துவிடுகிறேன் என்றாள்.

'சமையலறையில் அவர் விழுந்தபோது
இதே சத்தம்தான்' என்றார் லாமாரா.
பிறகு,
'நிறுத்தாதே.
எழுந்திருக்கிற பகுதியை நான் பார்க்கவில்லை.'

ஏலேனே என்ற பெண், பல் இரண்டு விழுந்தவள்,
விழுந்தாள், எழுந்தாள்,
இடுப்புவாரை இறுக்கிக்கொண்டு
மறுபடி விழ வந்தாள்.
எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.
எண்ணுவதுதான் என் வேலை.

அப்புறம் நடந்ததில் பெரிதாக ஒன்றுமில்லை.
சிறுமிகளுக்குப் பசித்தது.
சோறு மிஞ்சியிருந்தது.
நாற்காலி போதாமல் விரிப்பை இழுத்துப் போட்டார்கள்.
அந்த மைத்துனர் குனிந்து குனிந்து பரிமாறினார்,
காராமணி பிடிக்காதவளை அதட்டினார்.

திங்கட்கிழமை நுக்ஸார் ஓர் ஆணியைக் காட்டினார்:
இது கிடந்தது, இவ்வளவுதான்.
சுவர் இப்போது வெண்ணெய் போல ஓடுகிறது.
நகராட்சியிலிருந்து கடிதம்:
குறிப்பிட்ட நாளில் கூடம் ஒன்றா, இரண்டா,
வாடகையைத் தெளிவுபடுத்தவும்.
பென்சிலை எடுத்தேன், அழித்தேன்,
அழித்த இடத்தில் காகிதம் மெலிந்துவிட்டது.

செவ்வாயன்று லாமாரா
இறப்புச் சான்றிதழுக்கு வந்தார்.
பல் மருத்துவரின் வரிசையில் போய் உட்கார்ந்தார்.
பார்த்தேன். சொல்லவில்லை.
நாற்காலிகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.